சொல்வதா, மறைப்பதா?

ஆனி மாதம் பிறந்துவிட்டால் காரைக்கால்காரர்களுக்கு மாங்கனித் திருவிழா நினைவுதான். வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழங்களை வீசுவார்கள். கீழே நிற்கும் கூட்டம் தாவித் தாவிப் பிடிக்கும். குழந்தை வரம் வேண்டி முந்தானையை விரித்து நிற்கும் பெண்களும் உண்டு.

அந்தத் திருவிழாவின் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். பரமதத்தன் என்ற வணிகன் வீட்டுக்கு இரண்டு மாம்பழம் அனுப்புகிறான். மனைவி புனிதவதி அதில் ஒன்றைப் பசித்து வந்த அடியாருக்கு இட்டுவிடுகிறாள். சாப்பிட வந்த கணவன் ஒரு பழத்தைத் தின்றுவிட்டு, மற்றதையும் கேட்கிறான். இறைவன் அருளால் ஒரு பழம் கிடைக்கிறது. "இது என்ன, ருசியே வேறாக இருக்கிறதே? எங்கே கிடைத்தது?" என்கிறான் அவன். புனிதவதி தவிக்கிறாள். சொன்னால் நம்புவாரா? சொல்லாமல் மறைப்பது தர்மமா? கடைசியில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறாள்.

சொல்வதா, மறைப்பதா? அன்று ஒரு மாம்பழத்துக்காக வந்த அந்தத் தவிப்பு, இன்று எத்தனையோ வீடுகளில் வேறொரு விஷயத்துக்காக வருகிறது. ஆனால் இப்போது தவிப்பவன் பெரும்பாலும் கணவன். மறைக்கப்படுவது அவன் ரத்தத்தில் இருக்கும் ஒரு நோய்க் கிருமி. எச்.ஐ.வி. என்று அதற்குப் பெயர்.

பெயரைக் கேட்டதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! "நம் வீட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்று நினைப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறோம்.

விழிதியூரில் ஒரு வீடு

காரைக்கால் மாவட்டத்து விழிதியூரில் ஒரு வீடு இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கணவன், மனைவி, நாலு வயதுப் பெண் குழந்தை, மாமியார். இந்த மனிதர்கள் கற்பனை. அவர்களைச் சுற்றி நாம் சொல்லப்போகும் மற்றதெல்லாம் நிஜம்.

கல்யாணமாகி ஆறு வருஷம். அதற்கு முன் அவன் சென்னையில் நாலைந்து வருஷம் வேலை பார்த்தவன். இப்போது வளைகுடா நாட்டில் வேலை கிடைக்கும் போலிருக்கிறது. பாஸ்போர்ட் தயார். கையிலிருந்த வளையல் அடகுக் கடைக்குப் போயாகிவிட்டது. பயணத்துக்கு முன் வைத்தியப் பரிசோதனை ஒன்று பாக்கி. அந்த நாடுகள் எச்.ஐ.வி. பரிசோதனையும் கேட்கின்றன என்பது இங்கே பலருக்குத் தெரிந்த சங்கதி.

பரிசோதனைக்குப் போனவன் சாயங்காலம் திரும்பி வந்தான். திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"என்னங்க, மெடிக்கல் என்ன ஆச்சு?"

"அன்ஃபிட்டுன்னுட்டாங்க."

"ஏன்? உங்க உடம்புக்கு என்ன?"

"பிரஷர்னு சொல்றாங்க. விடு."

பிரஷர் இல்லை. ஏன் என்று அவனுக்குத் தெரியும். இரண்டு மாதம் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. பாயைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டான். "என் மேல என்ன கோபம்?" என்று அவள் கேட்டால் பதில் இல்லை. அவள் அத்தையிடம் போய் அழுதாள். அத்தை, "வெளிநாடு போக முடியலையேன்னு கவலைப்படறான், புள்ள" என்று சமாதானம் சொன்னாள்.

அவனுக்குக் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. மூட்டை தூக்குகிறான், வயலில் இறங்குகிறான். பரிசோதனை மட்டும் நடக்காமல் இருந்திருந்தால் இன்னும் சில வருஷம் ஒருவருக்கும் ஒன்றும் தெரிந்திராது. இந்தக் கிருமியின் சாமர்த்தியமே அதுதான். உடம்புக்குள் புகுந்து, சிகிச்சை இல்லாவிட்டால் எட்டு வருஷம், பத்து வருஷம்கூட வெளியே காட்டிக்கொள்ளாமல் இருக்கும். அந்தக் காலம் முழுவதும் மற்றவருக்குத் தொற்றவும் செய்யும். நோய் எதிர்க்கும் சக்தியைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துத் தின்ற பிறகு, காசநோய் போன்றவை வந்து படுக்கையில் தள்ளும்போதுதான் "எய்ட்ஸ்" என்ற கட்டம் வருகிறது.

2023-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி இந்தியாவில் எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்கள் சுமார் 25 லட்சம் பேர். அவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத் தம் ரத்தத்தில் அது இருப்பதே தெரியாது. தெரியாத அந்த ஒருவரை எப்படிக் கண்டுபிடிப்பது? அதுதான் கேள்வி.

வீட்டு ஃப்ரிட்ஜில் ரத்தக் குப்பிகள்

இந்தக் கேள்விக்கு நம் நாட்டில் முதலில் விடை கண்டவர்கள் இரண்டு பெண்கள் என்றால் ஆச்சரியமாக இல்லையா? அதுவும் நம் சென்னையில்!

சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியையாக இருந்தவர் டாக்டர் சுனிதி சாலமன். அவரிடம் மேற்படிப்புப் படித்த மாணவி செல்லப்பன் நிர்மலா. "அமெரிக்காவில் புதிதாக ஒரு நோய் வந்திருக்கிறதே, அது இங்கே இருக்கிறதா என்று தேடிப் பாரேன்" என்று ஆசிரியை யோசனை சொன்னார். அது அயல்நாட்டு வியாதி, நம் பண்பாட்டில் அதற்கு இடமில்லை என்று பெரியவர்கள் பலர் நிச்சயமாக நம்பியிருந்த சமயம்.

நிர்மலாவுக்கும் முதலில் தயக்கம். கணவர் தைரியம் சொல்லி, ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். சென்னையில் பாலியல் தொழில் குற்றத்துக்காகக் காவல் இல்லத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் ரத்தம் எடுத்தார் நிர்மலா. குப்பிகளைப் பத்திரப்படுத்த வேறு வசதி இல்லாமல் வீட்டு ஃப்ரிட்ஜிலேயே வைத்தார். 1986 பிப்ரவரியில் அவற்றை எடுத்துக்கொண்டு இரவு ரயிலில் காட்பாடிக்குப் போனார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பரிசோதனை நடந்தது. ஆறு குப்பிகள் நோய் உண்டு என்று காட்டின. அமெரிக்காவுக்கு அனுப்பிச் சரிபார்த்தார்கள். அங்கேயும் அதே முடிவு. அந்த ஆண்டு மே மாதம் சுகாதார அமைச்சர் டாக்டர் ஹண்டே சட்டசபையில் செய்தியை வெளியிட்டார். தேசமே திடுக்கிட்டது.

பெரிய சாதனைதான். ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. எதற்காக ரத்தம் எடுக்கிறோம் என்று அந்தப் பெண்களிடம் அன்று சொல்லவில்லை. கண்டுபிடிப்பு சரித்திரத்தில் ஏறியது. சிறை போன்ற இல்லத்தில் இருந்த அந்த ஆறு பெண்களின் பெயர் யாருக்கும் தெரியாது. இன்று அப்படிச் செய்ய முடியாது. ஒருவருடைய சம்மதம் இல்லாமல் இந்தப் பரிசோதனை செய்யக்கூடாது என்பது சட்டம்.

சுனிதி அம்மையார் 1993-ல் சென்னையில் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். ஆலோசனைக்கும் பரிசோதனைக்கும் அங்கே வந்த பெண்களைப் பார்த்தபோது அவருக்கு இன்னொரு அதிர்ச்சி காத்திருந்தது. நோய் கண்ட பெண்களில் மிகப் பெரும்பாலோர் குடும்பப் பெண்கள்! கட்டிய கணவனைத் தவிர வேறு ஆணை அறியாதவர்கள்! காவல் இல்லத்தில் தேடிய நோய் பூஜை அறையும் துளசி மாடமும் உள்ள வீடுகளில் இருந்தது. தாலி ஒரு தடுப்பூசி அல்ல என்பதை ஊர் அப்போதுதான் உணரத் தொடங்கியது.

தெரிந்தும் சொல்லாதவர்கள்

நாமக்கல் பக்கத்துப் பெண் கௌசல்யா. 1995-ல் இருபது வயதுகூட நிரம்பாமல் உறவுக்காரருக்கு வாழ்க்கைப்பட்டார். கணவருக்கு எச்.ஐ.வி. இருப்பது கல்யாணத்துக்கு முன்பே அவருக்குத் தெரியும். மணப்பெண்ணுக்குத்தான் தெரியாது! சில வாரங்களுக்குள் கௌசல்யாவுக்கும் நோய் இருப்பது தெரிந்தது. இதை அவரே பகிரங்கமாகச் சொல்லியிருக்கிறார். மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கவில்லை அவர். 1998-ல், தம்மைப்போன்ற பெண்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு சங்கமே தொடங்கிவிட்டார்.

அதே 1998-ல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. ஒரு டாக்டருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. உறவினரின் ஆபரேஷனுக்காக ரத்தம் கொடுத்தபோது அவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. செய்தி வெளியே போய்க் கல்யாணம் நின்றுவிட்டது. "என் ரகசியத்தை ஆஸ்பத்திரி எப்படிச் சொல்லலாம்?" என்று அவர் வழக்காடினார். ரகசியம் முக்கியந்தான், ஆனால் மணக்க இருக்கும் பெண்ணின் உயிர் அதைவிட முக்கியம் என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அத்தோடு, இப்படிப்பட்டவரின் கல்யாண உரிமையைப் பற்றியும் சில கடுமையான வார்த்தைகள் அதில் இருந்தன. அவை தேவையற்றவை என்று 2002-ல் அதே நீதிமன்றம் திருத்திக்கொண்டது. நியாயந்தானே? உண்மையைச் சொல்லி, விரும்பி ஏற்பவரை மணந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? சுனிதி அம்மையாரே நோயுள்ள ஆண்களுக்கும் பெண்களுக்கும் வரன் பார்த்து முடித்து வைத்தவர்தாம்.

பிறகு இதற்கென்றே தனிச் சட்டம் வந்தது. 2017-ல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது. அது சொல்வதைச் சுருக்கமாகப் பார்க்கலாம்.

நோயுள்ளவரின் சம்மதமின்றி அவர் ரகசியத்தை யாரிடமும் சொல்லக்கூடாது. ஆனால் அவரால் துணைவருக்கு ஆபத்து என்று டாக்டரோ ஆலோசகரோ நியாயமாக நினைத்தால், "நீங்களே சொல்லுங்கள்" என்று முதலில் அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். சொல்லவே மாட்டார் என்று தெரிந்தால், "அப்படியானால் நாங்கள் சொல்லப் போகிறோம்" என்று அறிவித்துவிட்டு, துணைவரை நேரில் பார்த்துப் பக்குவமாகத் தெரிவிக்கலாம்.

இதற்கும் ஒரு விலக்கு உண்டு. பெண்கள் இதைக் கவனிக்க வேண்டும். நோய் கண்டது மனைவிக்கு. அதைக் கணவனிடம் சொன்னால் அடிப்பான், வீட்டை விட்டுத் துரத்துவான் என்ற பயம் இருக்கிறது. அப்போது ஆஸ்பத்திரிக்காரர்கள் சொல்லக்கூடாது!

ஏன் இந்த விலக்கு? நம் வீடுகளில் பெரும்பாலும் முதலில் பரிசோதனை ஆகிறவள் மனைவி. கர்ப்பம் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவுடன் மற்றப் பரிசோதனைகளோடு இதையும் செய்கிறார்கள். முதலில் தெரிந்தது அவளுக்கு என்பதாலேயே, "நீதான் கொண்டு வந்தாய்" என்று பழியும் அவள் தலையில் விழுகிறது. ரத்தப் பரிசோதனை, கிருமி இருக்கிறதா இல்லையா என்றுதான் சொல்லும். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று சொல்லாது. இதை மாமியார்கள் மனத்தில் வைக்க வேண்டும்.

கதவைச் சாத்திய அறை

விழிதியூர்க்காரனிடம் திரும்புவோம். இரண்டு மாதத்துக்குப் பிறகு ஒரு நாள் அவன் அரசு ஆஸ்பத்திரியின் ஆலோசனை, பரிசோதனை மையத்துக்குப் போனான். தமிழ்நாட்டுப் பக்கம் இதற்கு "நம்பிக்கை மையம்" என்று பெயர். மூன்று விதமான பரிசோதனை செய்து உறுதிப்படுத்தினார்கள். பிறகு ஆலோசகர் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்:

"தம்பி, உங்க வீட்ல யாருக்குச் சொல்லியிருக்கீங்க?"

"யாருக்கும் இல்ல சார்."

"உங்க சம்சாரம்?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "கர்ப்பமா இருந்தப்போ அவளுக்கு டெஸ்ட் பண்ணாங்க சார். ஒண்ணும் இல்லன்னாங்க. என்னையும் வரச் சொன்னாங்க. நான்தான் வேலை இருக்குன்னு போகல."

அன்று போயிருந்தால்? ஐந்து வருஷத்துக்கு முன்பே தெரிந்திருக்கும். நம் ஆண்பிள்ளைகளின் "வேலை இருக்கு" என்ற ஒரு வார்த்தைக்கு எவ்வளவு விலை, பாருங்கள்!

ஆலோசகர் வழிகளை எடுத்துச் சொன்னார். அவனே மனைவியிடம் சொல்லி அழைத்து வரலாம். அல்லது மனைவியோடு வந்தால், இருவரும் சேர்ந்து இங்கே வைத்துச் சொல்லலாம். இத்தனை நாளைக்குள் சொல்கிறேன் என்று ஒரு கெடு வைத்துக்கொண்டு, தவறினால் ஆலோசகரே சொல்லவும் சம்மதிக்கலாம். நாலாவது வழி, அவன் பெயரைச் சொல்லாமல் மையத்தாரே சம்பந்தப்பட்டவரைப் பார்த்துப் பரிசோதனைக்கு அழைப்பது.

இந்த முறை மேகவியாதிக்கு வைத்தியம் பார்த்த காலத்திலிருந்தே வழக்கத்தில் உள்ளது. ஒருவருக்கு நோய் என்றால் அவரோடு முடிப்பதில்லை. அவருக்கு யாரிடமிருந்து வந்திருக்கலாம், அவரிடமிருந்து யாருக்குப் போயிருக்கலாம் என்று நூல் பிடித்துப் போவது. எச்.ஐ.வி.க்கும் இந்த உதவியைத் தர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-ல் எல்லா நாடுகளுக்கும் சிபாரிசு செய்தது. ஊர் முழுவதையும் கண்ணை மூடிக்கொண்டு பரிசோதிப்பதைவிட, நோயுள்ளவரின் துணைவரையும் குழந்தைகளையும் பரிசோதித்தால், தெரியாமல் இருப்பவர்கள் அதிகமாகக் கிடைக்கிறார்கள். ஆனால் எல்லாவற்றுக்கும் அவருடைய சம்மதம் வேண்டும். மிரட்டி வாங்கிய பெயரால் பிரயோசனம் இல்லை. அடுத்தவர் ஆஸ்பத்திரிப் பக்கமே வரமாட்டார்.

அவன் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தான். மனைவியை அழைத்து வந்தான். அறைக்குள் அரை மணி நேரம். அவள் அழவில்லை. வெகு நேரம் கழித்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ரெண்டு மாசமா கூடத்துல படுத்தீங்களே, அது இதுக்காகத்தானா?"

"ஆமா."

"அதை அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதா?"

அவள் ரத்தத்தில் கிருமி இல்லை என்று வந்தது. கிருமி புகுந்த புதிதில் பரிசோதனையில் தெரியாமல் போகலாம் என்பதால், மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்க்கச் சொன்னார்கள். அப்போதும் இல்லை. தாய்க்கு இல்லாததால் குழந்தையைப் பற்றியும் பயமில்லை. ஆறு வருஷம் கூட வாழ்ந்தும் தப்புகிறவர்கள் உண்டு. தப்பாதவர்களும் உண்டு. அதை நம்பிச் சும்மா இருக்கக்கூடாது.

இன்னொரு பெண்

கதை இங்கே முடிந்துவிட்டால் நமக்கெல்லாம் திருப்தி. ஆனால் ஆலோசகர் இன்னொரு கேள்வி கேட்டிருந்தாரே! "கல்யாணத்துக்கு முன்னால் சென்னையில்?"

சென்னையில் ஒருத்தி இருந்தாள். அவன் சாப்பிட்டுவந்த மெஸ்ஸில் சமையல் வேலை. கணவனை இழந்தவள்.

அவளைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்? "அவளால்தானே வந்தது?" என்று வாய்வரை வருகிறதல்லவா? சற்றுப் பொறுங்கள். அவன் சம்மதத்தோடு சென்னையிலிருந்து ஒரு ஆலோசகர் அவளைத் தனியாகப் பார்த்தார். "உங்களுக்குப் பழக்கமான ஒருவருக்கு இந்தத் தொற்று இருக்கிறது. நீங்களும் பார்த்துக்கொள்வது நல்லது" என்று மட்டும் சொன்னார். பெயர் சொல்லவில்லை. அவள் பரிசோதனைக்கு வந்தாள். நோய் இருந்தது. விசாரித்தால், அவள் கணவன் பல வருஷத்துக்கு முன் இருமி இருமி இளைத்துப் போய் இறந்தவன். "காசம்" என்றார்கள். ஏன் காசம் வந்தது என்று ஒருவரும் பார்க்கவில்லை. நீயும் பரிசோதனை செய்துகொள் என்று அன்று அவளிடம் சொல்ல ஒருவர்கூட இல்லை.

அவளும் ஒருவன் கட்டிய தாலியை நம்பி வாழ்ந்தவள்தான். நம் விழிதியூர்ப் பெண்ணுக்குக் கிடைத்த ஒரு வார்த்தை அவளுக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வார்த்தை அன்றே கிடைத்திருந்தால் விழிதியூருக்கு இந்த நோய் வந்தே இருக்காது. இப்போதாவது கிடைத்தது; மருந்து சாப்பிடத் தொடங்கிவிட்டாள்.

தெரிந்தால் என்ன லாபம்?

"தெரிந்து என்ன ஆகப்போகிறது? சாகத்தானே போகிறோம்!" என்ற பேச்சு முப்பது வருஷத்துக்கு முந்தியது. 2004 ஏப்ரல் 1 முதல் அரசு ஆஸ்பத்திரிகளில் கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்கிறார்கள். தாம்பரம் ஆஸ்பத்திரியும் ஆரம்ப மையங்களில் ஒன்று. 2017 முதல், நோய் முற்றும் வரை காத்திராமல், தெரிந்தவுடனேயே மருந்து. இன்று பெரும்பாலோருக்குத் தினம் ஒரே மாத்திரை. விடாமல் சாப்பிட வேண்டும், ஆயுள் முழுவதும். சாப்பிட்டால் மற்றவர்களைப்போல வேலை செய்யலாம், பேரன் பேத்தி பார்க்கலாம்.

இன்னொரு அதிசயம் உண்டு. கணவன் மனைவியில் ஒருவருக்கு மட்டும் நோயுள்ள 1,763 தம்பதிகளை ஒன்பது நாடுகளில் ஆராய்ந்தார்கள். நம் சென்னையும் புனாவும் அதில் அடக்கம். சீக்கிரமே மருந்து தொடங்கினால் துணைவருக்குத் தொற்றுவது 96 சதவிகிதம் குறைகிறது என்று 2011-ல் தெரிந்தது. பிறகு வந்த ஆராய்ச்சிகள், ரத்தத்தில் கிருமி அளவு பரிசோதனைக்கே தெரியாத அளவு இறங்கி, அப்படியே இருந்தால், தாம்பத்திய உறவால் தொற்றுவதே இல்லை என்று காட்டிவிட்டன. கர்ப்பிணி மருந்து சாப்பிட்டால் குழந்தையையும் காப்பாற்றலாம். சிகிச்சை இல்லாவிட்டால் நூற்றுக்குப் பதினைந்து முதல் நாற்பத்தைந்து குழந்தைகளுக்கு வரக்கூடியது, சிகிச்சையால் ஐந்துக்கும் கீழே இறங்குகிறது.

ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, தொடுவதாலோ, குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்சுவதாலோ வராது. விழிதியூர் வீட்டில் அவனுக்கென்று தனித் தட்டு வைக்கவில்லை. அவன்தான் முதலில் தனியாக எடுத்து வைத்தான். மனைவி அதை மறுபடியும் மற்றத் தட்டுகளோடு சேர்த்துக் கழுவி அடுக்கிவிட்டாள்.

அவனை அவள் மன்னித்துவிட்டாளா? அதை நாம் கேட்கக்கூடாது. அது அவள் விஷயம். மாதம் தவறாமல் மருந்து வாங்க அவனோடு பஸ் ஏறுகிறாள் என்பது மட்டும் நமக்குத் தெரியும்.

சந்தேகம் இருப்பவர்கள் 1097 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் டெலிபோன் செய்து கேட்கலாம். கர்ப்பிணிகளோடு ஆஸ்பத்திரிக்குப் போகும் மாமியார்களும் அம்மாக்களும் ஒரு காரியம் செய்யுங்கள். "மாப்பிள்ளையும் வரட்டும், அவருக்கும் பார்த்துவிடலாம்" என்று சாதாரணமாகச் சொல்லுங்கள். சர்க்கரை பார்ப்பதுபோல் பார்த்துவிட்டால் யாருக்கும் தலைக்குனிவு இல்லை.

புனிதவதி உண்மையைச் சொன்னபோது பரமதத்தன் நம்பவில்லை என்பதும் அந்தக் கதையில்தான் இருக்கிறது. "அப்படியானால் இன்னொரு பழம் வரவழைத்துக் காட்டு" என்றான். உண்மையைச் சொல்கிறவர்களுக்கு உலகம் எப்போதும் இப்படித்தான் பரீட்சை வைக்கிறது. பரீட்சைக்குப் பயந்து அவள் வாயை மூடிக்கொள்ளவில்லை. அதனால்தான் இன்றும் அந்த ஊரில் மாடிகளிலிருந்து மாம்பழம் விழுகிறது.